போனவர்கள் முதலிலா, வந்தவர்கள் முதலிலா

காரியாபட்டி தாண்டி பஸ் வேகமெடுத்த சமயத்தில் சௌடேஸ்வரி கத்திய கத்தலில் டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிற பெண், அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் அதே பஸ்ஸில் போய் வருகிறவள். அவள் டிக்கெட் கேட்பதுகூடப் பக்கத்து ஸீட்டுக்குக் கேட்காது. அவளா கத்தினாள் என்று கண்டக்டரால் நம்ப முடியவில்லை.

"என்னம்மா, பர்ஸைக் காணோமா?"

"இல்லண்ணே, கெடைச்சிருச்சு!"

"பர்ஸா?"

"இன்டர்ன்ஷிப்புண்ணே! ரெண்டு மாசம் ஆராய்ச்சி வேலை. இப்பத்தான் மெயில் வந்துச்சு."

"யாரை ஆராய்ச்சி பண்ணப் போற?"

"ஊரை விட்டுப் போறவுகளை."

கண்டக்டர் நிரம்பி வழிந்த பஸ்ஸை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ எங்கேயும் அலைய வேணாம். இங்கேயே உக்காந்து ஆரம்பி" என்றார். பஸ்ஸே சிரித்தது. சௌடேஸ்வரியும் சிரித்தாள்.

அவள் பிறந்தது அருப்புக்கோட்டையில், வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற ஒரு நெசவாளர் குடும்பத்தில். அப்பா ஜோதிலிங்கத்துக்குச் சின்ன வயதிலேயே தறிச் சத்தம் பிடிக்கவில்லை, ஸ்டியரிங்தான் பிடித்தது. லைசென்ஸ் எடுத்த கையோடு ஒரு நூல் மில்லில் வேன் டிரைவராகச் சேர்ந்தார். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை மில்லுக்குக் கூட்டிவந்து, ஷிஃப்ட் முடிந்ததும் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. மகளுக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்தார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சரியாகக் கூப்பிட்டவர்கள் குறைவு. அதைவிடப் பெரிய தொந்தரவு தெலுங்கு. ஒருநாள் பள்ளி வாசலில் அம்மாவிடம் அவள் தெலுங்கில் பேசியதைக் கேட்டுவிட்டு வகுப்பே ஒரு வாரம் கிண்டல் செய்தது. அதிலிருந்து வீட்டுப் படியைத் தாண்டினால் அவள் வாயில் தெலுங்கு வராது. பஸ்ஸில் அம்மா போன் செய்தால்கூட "ம்", "சரி", "வாரேன்" என்று தமிழிலேயே முடித்துவிடுவாள்.

அவளைத் தேர்ந்தெடுத்தது மதுரையில் ஒரு மாடியில் இயங்கிய இடப்பெயர்வுக் கொள்கை ஆய்வு மையம். யார் எங்கேயிருந்து எங்கே பிழைக்கப் போகிறார்கள், ஏன் போகிறார்கள், போன இடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் படித்து, அரசாங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் என்ன செய்யலாம் என்று எடுத்துச் சொல்கிற இடம். கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். நேர்காணலில் ஒருங்கிணைப்பாளர் பிரவீணா, "உங்க வீட்டுல யாராவது வெளியூர் போய் இருக்காங்களா?" என்று கேட்டார். சௌடேஸ்வரி யோசிக்காமல், "எங்க வீட்டுல எல்லாரும் வந்தவங்கதான் மேடம். எப்ப வந்தோம்னுதான் யாருக்கும் தெரியாது" என்றாள். பிரவீணா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் இத்தனை நாள் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தாள்.

முதல் நாள் போகும்போது அவள் மனதில் கேரளா இருந்தது. இல்லையென்றால் சென்னை. ஒருவேளை டெல்லிக்குக்கூட அனுப்புவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியும் வைத்திருந்தாள். பிரவீணா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இடம் சொன்னார். இரண்டு பேருக்கு எர்ணாகுளம். இரண்டு பேருக்குத் திருப்பூர்.

"சௌடேஸ்வரி, கோகுல். அருப்புக்கோட்டை, திருச்சுழி."

கோகுல் சென்னைப் பையன். சமூகப்பணி படிக்கிறவன். அவனுக்கு அருப்புக்கோட்டை என்றதும் முகம் மலர்ந்தது. சௌடேஸ்வரிக்கு வாடிவிட்டது.

"மேடம், அது எங்க ஊரு."

"தெரியும். அதுக்குத்தான்."

பிரவீணா பலகையில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து வெளியே போகிற மாதிரி ஓர் அம்பு. வெளியிலிருந்து உள்ளே வருகிற மாதிரி இன்னோர் அம்பு.

"திருச்சுழி கிராமங்கள்ல இருந்து ஜனங்க திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போறாங்க. கேட்டா, இங்க வேலை இல்லைங்கறாங்க. பக்கத்துல அருப்புக்கோட்டை மில்லுகளுக்கு ஒடிஷாவுல இருந்து ஆள் வர்றாங்க. மில்லுக்காரங்களைக் கேட்டா, இங்க ஆள் இல்லைங்கறாங்க. இனிமே குமாரலிங்கபுரத்துல பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகுது. அப்ப இன்னும் எத்தனை ஆயிரம் பேர் வேணும்! ஆள் இல்லாத ஊர்ல இருந்து எப்படி ஆள் போகும்? வேலை இல்லாத ஊருக்கு எப்படி ஆள் வரும்? இந்த ரெண்டு அம்பும் ஏன் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகுது? கண்டுபிடிச்சிட்டு வாங்க."

சௌடேஸ்வரி அந்த இரண்டு அம்புகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தொரு வருஷம் அதற்குள்ளேயே இருந்திருக்கிறாள், ஒருநாளும் இதைக் கேட்கத் தோன்றியதில்லை. எர்ணாகுளம் மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் இதே கேள்வியைப் போட்டாள். ஜோதிலிங்கத்துக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"இதுல என்ன ஆராய்ச்சி? அவுக வந்தாக, நம்மாளுகளை மில்லுக்காரன் நிறுத்திட்டான். எங்கிட்ட மூணு ரூட்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணு. இப்ப வேன் ஓட்டுறதைவிட ஹாஸ்டலுக்கு அரிசி லோடு அடிக்கிறதுதான் ஜாஸ்தி. போய் உங்க மேடத்துக்கிட்டச் சொல்லு, ஜோதிலிங்கம் சொன்னாருன்னு."

தெலுங்கில்தான் சொன்னார். வழக்கமான வேகத்தில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் சொன்னதில் தப்பு இருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஊரே அதைத்தான் சொன்னது.

ஒடிஷாப் பெண்கள் தங்கியிருந்த மில் ஹாஸ்டலுக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடைவீதிக்கு வருவார்கள், அங்கே பிடிக்கலாம் என்று கோகுல் சொன்னான். அவனுக்கு இந்தி நன்றாக வரும். அது போதும் என்று இருவரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல கூட்டம். மே மாதத்து வெயில். வளையல் கடை ஒன்றின் முன்னால் நாலைந்து பெண்கள் கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோகுல் போய் இந்தியில் தன்னை அறிமுகம் செய்துகொண்டு கேள்விகளை ஆரம்பித்தான். எந்த ஊர், எத்தனை வருஷம், ஏன் வந்தீர்கள். பெண்கள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார்கள். சில கேள்விக்கு அதுவும் இல்லை. அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனபோது, கையில் சிவப்புக் கிளிப் வைத்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"ஈ குர்ரோடு எந்துகு இன்னி அடுகுதுன்னாடு?"

இந்தப் பையன் எதுக்கு இத்தனை கேட்கிறான்!

சௌடேஸ்வரிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைவீதியின் நடுவில், அத்தனை பேர் காதுபட, வீட்டுப் படிக்கு வெளியே பேசாத பாஷை தானாக வந்தது.

"வானிகி தெல்லேது அக்கா, நேனு அடுகுதானு." அவனுக்குத் தெரியாது அக்கா, நான் கேட்கிறேன்.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நீ எந்த ஊர், ஆந்திராவா, இங்கே என்ன செய்கிறாய், யார் வீட்டுப் பெண். சிவப்புக் கிளிப்காரி அவள் கையைப் பிடித்தே விட்டாள். பெயர் மாலதி. ஒடிஷாவில் ராயகடா பக்கம். ஆந்திர எல்லை என்பதால் அங்கே பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். மாலதிக்கு வீட்டிலேயே தெலுங்கு. அருப்புக்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து சூப்பர்வைசர் சொல்கிற பத்து இருபது வார்த்தைத் தமிழும் கொஞ்சம் இந்தியுமாகக் காலம் ஓடியிருக்கிறது. வெளியாள் ஒருவர் தன் பாஷையில் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"கிளிப் எப்படி இருக்கு?" என்று தலையில் வைத்துக் காட்டினாள்.

"ரொம்ப பாகுந்தி" என்றாள் சௌடேஸ்வரி. ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"ரொம்ப அண்டே ஏமி?" ரொம்ப என்றால் என்ன?

அவ்வளவு நாளும் 'ரொம்ப' தெலுங்கு என்றே சௌடேஸ்வரி நினைத்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரரும் காரணம் புரியாமல் சேர்ந்து சிரித்தார். கோகுல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "என்னைப் பத்தித்தானே ஏதோ சொன்னாங்க?" என்று கேட்டான்.

அன்று ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து மாலதி சொன்னதைச் சௌடேஸ்வரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். மாலதி ஊருக்குப் பக்கத்திலும் ஒரு ஃபேக்டரி இருக்கிறதாம். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். "எங்களைக் கேட்டா, வேலை இல்லைன்னு இங்க வாறோம். அந்த ஃபேக்டரிக்காரங்களைக் கேட்டா, ஆள் இல்லைன்னு கூட்டிட்டு வாறோம்கிறாங்க." பிரவீணா பலகையில் போட்ட அதே அம்புகள், அங்கேயும்!

எழுந்து போகும்போது மாலதி ஒரு கேள்வி கேட்டாள். "உங்க ஆராய்ச்சியில, உள்ளூர்க்காரங்களுக்கே வேலை கொடுங்கன்னு சொல்லிருவீங்களா? அப்ப எங்களை அனுப்பிருவாங்களா?"

அன்று மாலையே சௌடேஸ்வரி பிரவீணாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

"நல்ல கேள்வி" என்றார் பிரவீணா. "அதுக்குப் பதில் சொல்லாம நாம எதையும் எழுதக் கூடாது. இன்னொரு பக்கத்தையும் போய்க் கேளுங்க."

இன்னொரு பக்கம் என்றால் திருச்சுழிக்கு உள்ளே போகிற கிராமங்கள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஜோதிலிங்கம் தன் ஓய்வு நாளில் நண்பரின் ஆட்டோவை வாங்கிக்கொண்டு தானே வந்தார். மகள் அலைந்து தெரிந்துகொள்ளப் போவதும், தான் ஏற்கெனவே சொன்னதும் ஒன்றுதான் என்பதை நேரில் பார்க்க அவருக்கு ஆசை. வழியெல்லாம் கோகுலிடம், இந்த வளைவில் இன்னார் ஏறுவாங்க, அந்தப் புளியமரத்தில் இன்னார் ஏறுவாங்க என்று காட்டிக்கொண்டே வந்தார்.

கண்மாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்கள். "ஏ, வேன் அண்ணன் வந்திருக்காக!" முருகேஸ்வரி என்ற பெண்தான் முன்னால் வந்தாள். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். நல்ல உயரம், கணீரென்ற குரல். அவளுடைய புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்; இவள் இரண்டு பிள்ளைகளோடு இங்கே.

சௌடேஸ்வரி தயாராக வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "மில்லு உங்களை எப்ப நிறுத்துச்சுக்கா?"

முருகேஸ்வரி முகத்தைச் சுளித்தாள். "மில்லு எங்க நிறுத்துச்சு? நாங்கள்ல நின்னோம்."

"வடக்கேயிருந்து ஆள் வந்ததுனால..."

"அவுக எங்க வந்தாக அப்ப? நாங்க நின்னு, மிஷின் சும்மா கெடந்து, சூப்பர்வைசர் வீடு வீடா வந்து கூப்புட்டாரு. யாரும் போகலை. அதுக்குப் பெறகுதான் அவுகளைக் கூட்டியாந்தாக."

ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஜோதிலிங்கம் நிமிர்ந்தார். "என்ன முருகேசு சொல்ற?"

"ஆமாண்ணே. ஷிஃப்டை மாத்தினாகள்ல, ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் ராவுன்னு. உங்க வண்டி விடியுமுன்ன வந்து நிக்கும். பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, சோறு கட்டி, பள்ளிக்கூடத்துக்கு யாரு விடுறது? அவரு திருப்பூருல. ராத்திரி ஷிஃப்டுன்னா பிள்ளைக யாரு கிட்ட படுக்கும்? ஒவ்வொருத்தரா நின்னுட்டோம்."

"அப்ப எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"நீங்க கேக்கலையேண்ணே. ஹார்னுதான் அடிச்சீக."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜோதிலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முகம் சிவந்துவிட்டது. சௌடேஸ்வரி சிரிக்கவில்லை. ஊரெல்லாம் ஒரு கதையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் விரட்டவில்லை. வேலையை விட்டு இவர்கள் போன பிறகு, காலியான இடத்துக்கு வந்தவர்கள்!

"அக்கா, பிள்ளைக பள்ளிக்கூடம் போன பெறகு வண்டி வந்து, அதுக திரும்பி வாறதுக்குள்ள கொண்டாந்து விட்டா, வேலைக்குப் போவீங்களா?"

"நாளைக்கேவா?" என்றாள் முருகேஸ்வரி. பின்னால் இருந்த பெண்கள், "நானும்", "எங்க சின்னம்மா மகளும்", "ஏலே, என் பேரையும் எழுதச் சொல்லு" என்று நெருக்கிக்கொண்டு வந்தார்கள். மேற்பார்வைக்கு இருந்தவர் இதென்ன கலாட்டா என்று ஓடி வந்தார்.

திரும்பும் வழியில் ஆட்டோ இரைச்சலை மீறிச் சௌடேஸ்வரி போனில் பிரவீணாவிடம் கத்தினாள். "மேடம், முதல்ல போயிருக்காங்க மேடம்! அப்புறம்தான் வந்திருக்காங்க!" மூன்று தடவை சொன்ன பிறகே அவருக்குக் காதில் விழுந்தது. "ஒரு ஊரை வச்சுச் சொல்லாதீங்க" என்றார் பிரவீணா. ஆனால் அவர் குரலும் ஒரு பிடி உயர்ந்திருந்தது.

அதற்கப்புறம் வேலை வேலைதான். வெயிலில் ஊர் ஊராகப் போனார்கள். சில ஊர்களில் முருகேஸ்வரி சொன்னதையே சொன்னார்கள். ஓர் ஊரில் அப்படி இல்லை. அங்கே சம்பளம் கட்டுப்படியாகாமல் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள், வண்டி எந்நேரத்துக்கு வந்தாலும் திரும்ப மாட்டோம் என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டார்கள். கோகுலுக்கு மூக்கு நுனி உரிந்தது; மல்லி, மிளகாய், சோளம் என்று காய்ந்து நிற்கிற தண்டைப் பார்த்தே பயிரைச் சொல்லக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலதியும் தோழிகளும் கடைவீதியில் சௌடேஸ்வரிக்காகக் காத்திருந்தார்கள். ஒருநாள் அவளைத் தேடி ஜோதிலிங்கமே அங்கே வந்துவிட்டார். ஹாஸ்டலுக்கு இத்தனை நாள் அரிசி இறக்கியிருக்கிறார். உள்ளே இருப்பவர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. மாலதி அவரை "பாபாய்" என்று கூப்பிட்டாள். சித்தப்பா என்று அர்த்தம். அவர் ஆளுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று தானே ஓர் ஆராய்ச்சி நடத்திவிட்டுத்தான் கிளம்பினார்.

இன்டர்ன்ஷிப்பின் கடைசி வாரம் பந்தல்குடி ரோட்டில் ஒரு மகாலில் கூட்டம். மில் உரிமையாளர்கள், தொழிலாளர் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள், சில கல்லூரி ஆசிரியர்கள். பிரவீணா ஆங்கிலத்தில் பேசுவதாகத்தான் ஏற்பாடு. முன்வரிசையில் முருகேஸ்வரியையும் மாலதியையும் பார்த்ததும் அவர் மைக்கை எடுத்துச் சௌடேஸ்வரியிடம் நீட்டிவிட்டார்.

"மேடம், நான் இல்ல."

"அந்தப் பக்கம் ஒருத்தங்களுக்கு நீ சொன்னாத்தான் புரியும். இந்தப் பக்கமும் நீ சொன்னாத்தான் புரியும். போ."

தொடங்கியபோது குரல் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்து "சத்தமா, சத்தமா" என்றார்கள். கண்மாய்க் கரையில் கேட்டதை நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நேரத்துக்குத் தகுந்த ஷிஃப்டும் வண்டியும் வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வாக்கியம் தமிழில். பிறகு மாலதிக்காக அதே வாக்கியம் தெலுங்கில். மகாலில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். அவர்களில் பலர் வீட்டிலும் இந்தத் தெலுங்குதான். மேடையில், மைக்கில் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது நிமிஷத்தில் அவள் குரல் மகாலை நிறைத்தது.

மாலதி வேலை பார்க்கிற சின்ன மில்லின் உரிமையாளர் காளிராஜ் எழுந்தார். "நல்லாத்தான் சொல்றீங்கம்மா. பத்து மணிக்கு வந்து மூணு மணிக்குப் போற ஷிஃப்டு சொல்றதுக்கு ஈஸி. வண்டியை அனுப்புனா வருவாகளா? ரெண்டு நாள் வந்துட்டு மூணாம் நாள் கல்யாணம், காதுகுத்துன்னா நான் என்ன செய்ய?"

சௌடேஸ்வரி பதில் தேடுவதற்குள் முருகேஸ்வரி எழுந்துவிட்டாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"கல்யாணம் இருந்தா நாங்க போவோம்தான். நீங்க போக மாட்டீகளா? முன்னாடியே சொல்லிட்டுப் போறோம். நீங்க வண்டியை அனுப்பிப் பாருங்க. வரலைன்னா என்னைக் கேளுங்க."

மகாலில் கைதட்டல். அது அடங்கியதும் மாலதி எழுந்தாள். தெலுங்கில் அவள் சொன்னதைச் சௌடேஸ்வரி தமிழாக்கினாள்: "இவங்க வந்தா எங்களுக்குச் சந்தோஷம். ஆனா எங்களை அனுப்பிருவீங்களான்னு பயமா இருக்கு. நாங்களும் பிள்ளைகளை விட்டுட்டு வந்தவங்கதான். வருஷத்துக்கு ஒருதடவை ஊருக்குப் போக லீவு எப்பன்னு முன்னாடியே சொன்னா, ரயில்ல உக்காந்து போவோம். இப்ப நின்னுக்கிட்டே போறோம்."

காளிராஜ் உட்காரவில்லை. "உங்களை எதுக்கும்மா அனுப்புறேன்? என் மில்லுல மிஷின் ஒரு வரிசையே ஆள் இல்லாம துணி போர்த்திக் கெடக்கு. அவுக வந்தாலும் பத்தாது, நீங்க இருந்தாலும் பத்தாது." அவர் சௌடேஸ்வரியைப் பார்த்தார். "ஜூலை முதத் தேதியில இருந்து ஒரு வரிசைக்கு அந்த ஷிஃப்டைப் போட்டுப் பார்க்கிறேன். லீவு விஷயம் எழுதிக் குடுங்க, பேசுவோம்."

இதை மாலதிக்குத் தெலுங்கில் சொல்ல வாயைத் திறந்தாள் சௌடேஸ்வரி. சந்தோஷத்தில் எந்தப் பாஷையிலும் வார்த்தை வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே மாலதி புரிந்துகொண்டாள். மகாலின் ஓரத்தில் நின்ற கோகுல் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துவிட்டான். அதிகாரி ஒருவர் திரும்பி முறைத்தார். பிரவீணா அதைப் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

காளிராஜ் சொன்னபடி செய்தார். எல்லாம் நினைத்தபடி நடந்தது என்று சொல்ல முடியாது. வண்டியில் ஏறியவர்களில் சிலர் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். கல்யாண மாதத்தில் காளிராஜ் பிரவீணாவுக்குப் போன் செய்து சண்டை போட்டார். ஆனால் முருகேஸ்வரி நிற்கவில்லை. அவளைப் பார்த்துப் பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தீபாவளிக்குள் துணி போர்த்திக் கிடந்த வரிசை முழுக்க ஓடியது. பெரிய மில் ஒன்று ஆள் அனுப்பி, எப்படிச் செய்கிறீர்கள் என்று விசாரித்துப் போனது. மாலதியின் லீவுத் தேதி மூன்று மாதம் முன்னாலேயே அறிவிப்புப் பலகைக்கு வந்தது. அவள் அதைப் போனில் படம் எடுத்துச் சௌடேஸ்வரிக்கு அனுப்பினாள்.

எம்.ஏ. முடித்த கையோடு ஆய்வு மையம் சௌடேஸ்வரியை வேலைக்கே எடுத்துக்கொண்டது. முதல் வேலை என்ன வேண்டும் என்று பிரவீணா கேட்டபோது அவள் தயங்கவில்லை. "ராயகடா போகணும் மேடம். அம்பு கிளம்புற எடத்தைப் பார்க்கணும்."

மாலதி லீவில் போகிற ரயிலிலேயே சௌடேஸ்வரிக்கும் டிக்கெட் போட்டார்கள். அம்மாவுக்குப் பயம். ஜோதிலிங்கமோ, "எம் பிள்ளை போற ஊர்ல பாபாயின்னா யாருன்னு கேட்டுப் பாரு, தெரியும்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். சென்னையில் ரயில் மாறினார்கள். மாலதி ஜன்னலோரத்தை விட்டு நகரவே இல்லை. ஆந்திராவில் விஜயநகரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை வந்தது. இப்படிப் பச்சையாக ஒரு மலையைச் சௌடேஸ்வரி பார்த்ததில்லை. கதவருகே போய் நின்று காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டாள். "எங்க ஊரு, எங்க ஊரு" என்று மாலதி ஒவ்வொரு வளைவிலும் சொன்னாள். ஊர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

வீட்டு வாசலில் மாலதியின் பிள்ளைகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள், இன்னொருத்தி ஒரு சொம்பு தண்ணீரைக் கையில் திணித்தாள். சௌடேஸ்வரி பையிலிருந்து பேனாவை எடுத்து, பேசுவதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அதற்குள் முன்னால் நின்ற ஒரு பெண், சௌடேஸ்வரி வயதுதான் இருக்கும், அவளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டாள்:

"நீ ஏன் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தே?"

சௌடேஸ்வரி பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு இறங்கி அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.